நாளுக்கு ஒரு நிலையமாக நடந்த நடுக்கம்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவரும் உள்ளே வந்து ஓர் இடம் பார்த்து உட்காருங்கள். கதை கொஞ்சம் நீளம். கால் மரத்துப்போனால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்றைக்கு ஒரு நிலநடுக்கத்தின் கதை சொல்லப்போகிறேன். பயப்படாதீர்கள், இதில் ஒரு சுவரும் விழாது, ஒரு விளக்கும் ஆடாது. விழப்போனது ஒரு மனிதருடைய வேலையும் பேரும்தான். அதைத் தாங்கிப் பிடித்தவள் அவருடைய தங்கை. முதலில் தள்ளிவிட்டவளும் அவளேதான்.

அவள் நிலநடுக்க அலுவலகத்தில் பதிவு வாசிப்பவள். அந்த அலுவலகத்துக்கு ஐந்து நிலையங்கள். வரிசையாக, ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. வடக்கிலிருந்து மேடு, பாலம், அணைக்கரை, பள்ளிக்கூடம், சுரங்கம் என்று பெயர். ஒவ்வொன்றிலும் ஒரு குழி, குழிக்குள் ஒரு கருவி, மேலே அறையில் ஓர் உருளை. உருளையில் தாளைச் சுற்றிவிட்டால் பேனா முள் ராவும் பகலும் கோடு போட்டுக்கொண்டே இருக்கும். நிலநடுக்கம் வந்தால் கோடு சட்டென்று எகிறிக் குதித்து, பிறகு வால் மாதிரி இழுத்து அடங்கும். அதை அளந்து எழுதுவதுதான் அவள் வேலை. தலையும் வாலும் இல்லாமல் கோடு வெறுமனே கம்பளி நூல் மாதிரி மொசுமொசுவென்று தடித்திருந்தால் அது லாரியோ காற்றோ ஏதோ ஒன்று. அதன் மேல் "இரைச்சல்" என்று ஒரு முத்திரை. பதினொரு வருஷமாகக் குத்துகிறாள். அலுவலகத்தில் அவளுக்கு முத்திரையக்கா என்றே பெயர்.

நிலையக் காவலர்கள் வாரம் ஒருமுறை தாள்களை அனுப்பும்போது கூடவே ஒரு சீட்டும் வைக்க வேண்டும். அதில் "இரைச்சலின் காரணம்" என்று ஒரு கட்டம். கட்டம் காலியாக இருந்தால் சீட்டு செல்லாது. அப்படியே சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவாள். வேலையில் அவ்வளவு கறார்.

அணைக்கரை நிலையத்தின் காவலர் அவளுடைய சொந்த அண்ணன்.

ஒரு நாள் காலை இயக்குநரின் அறையிலிருந்து ஒரு கோப்பு அவள் மேஜைக்கு வந்தது. அணைக்கரை நிலையத்தில் நாலு வருஷத்தில் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஒன்றரை நாள், பதிவு கெட்டிருக்கிறது. காவலர் குழியைச் சரியாகப் பராமரிக்கவில்லை. நிலையத்தை மூடிவிட்டு, காவலரைப் பணியிலிருந்து நீக்கலாம். இருபது நாள் கழித்து நிலையத்திலேயே விசாரணை. ஆதாரம்: காவலர் தன் கையால் எழுதிய சீட்டு.

சீட்டு கோப்பிலேயே இணைத்திருந்தது. காரணம் என்ற கட்டத்தில் அண்ணனின் சாய்ந்த எழுத்து: "குழியில் நீர்க்கசிவு."

சீட்டைப் புரட்டினாள். பின்னால் அவளுடைய சிவப்பு மை. அண்ணன் முதலில் "தெரியவில்லை" என்று எழுதியிருந்தார். அவள்தான் அதைச் சுழித்து, "காரணம் எழுதவும்" என்று திருப்பி அனுப்பியிருந்தாள்.

நேரே இயக்குநரிடம் போனாள். அவர் நல்ல மனுஷர்தான். ஆனால் முடிவு பண்ணிவிட்டால் பண்ணினதுதான்.

"சார், அந்தக் குழியில தண்ணி இல்ல."

"உங்கண்ணனே எழுதிக் குடுத்திருக்காரேம்மா."

"நான் எழுத வெச்சேன் சார்."

"அப்போ தண்ணி இல்லேன்னா வேற என்ன? ஒன்றரை நாளா அது பாட்டுக்கு நடுங்கிட்டே இருக்குமா? காரணத்தைக் கொண்டாங்க, நான் கோப்பை மூடிடறேன்."

"கொண்டுவரேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். எங்கேயிருந்து கொண்டுவரப்போகிறாள் என்பது அவளுக்கே தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அணைக்கரைக்குப் போனாள். நிலையத்திலேயேதான் அண்ணனின் வீடும்; அவர் வாசலிலேயே நின்றார்.

"வாங்க வாங்க, மேலிடத்து ஆளு. சிவப்புப் பேனா கொண்டாந்திருக்கியா பாப்பா?"

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அவருக்கு அவள் இன்னும் பாப்பாதான்.

"குத்திக்காட்டாதண்ணா. ஏன் அப்படி எழுதின? கசிவே இல்லையே."

"தெரியலன்னு எழுதினேன், நீ திருப்பிட்ட. அன்னிக்கு மழை. குழி மூடி மேல தண்ணி நின்னுச்சு. சரி, இதுவும் தண்ணிதானேன்னு எழுதிட்டேன். எனக்கென்ன தெரியும், அது என் கழுத்துக்குன்னு?"

இரண்டு பேரும் குழிக்குள் இறங்கினார்கள். சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்து, தரை துடைத்து, மூலையில் ஈரத்தை உறிஞ்ச ஒரு மூட்டை உப்பு. உப்புக்கல் பொலபொலவென்று உதிர்ந்தது. ஈரம் பட்டிருந்தால் கட்டி தட்டியிருக்கும். அவள் ஒரு கல்லை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தாள். "மேல வா, வேலை இருக்கு" என்றாள்.

திங்கட்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். அலுவலகத்தில் பதிவுகளை நிலையவாரியாக வைப்பது வழக்கம். மேட்டுக்கு ஓர் அலமாரி, பாலத்துக்கு ஓர் அலமாரி, இப்படி ஐந்து. மேட்டின் தாளும் பாலத்தின் தாளும் ஒரே மேஜையில் சந்தித்ததே கிடையாது. அவள் ஐந்து அலமாரியையும் திறந்தாள். அண்ணன் நீர்க்கசிவு என்று எழுதிய அந்த மாதத்துத் தாள்களை எடுத்து, நிலையவாரியாக இல்லாமல் நாள்வாரியாக நடைபாதைத் தரையில் பரப்பினாள். ஒரு நாளுக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு தாளுக்கும் பக்கத்தில் அதன் சீட்டு.

எல்லாத் தாளிலும் அவளுடைய முத்திரை இருந்தது.

மேட்டில் தடித்த கோடு. சீட்டில் "காற்று". மறுநாள் மேட்டில் கோடு மெலிந்தது, பாலத்தில் தடித்தது. "ரயில்". அதற்கடுத்து அணைக்கரை, "நீர்க்கசிவு". ஒன்றரை நாள் கழித்துப் பள்ளிக்கூடம், "பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள்". தேதியைப் பார்த்தாள். முழு விடுமுறை மாதம்! கடைசியில் சுரங்கம். அந்தக் காவலர் மகா சாமர்த்தியசாலி. "மாடு உடம்பைச் சொறிகிறது" என்று எழுதியிருந்தார்.

நடைபாதையில் தனியாக உட்கார்ந்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். காற்று ரயிலுக்குச் சொல்லி, ரயில் தண்ணீருக்குச் சொல்லி, தண்ணீர் பிள்ளைகளுக்குச் சொல்லி, பிள்ளைகள் மாட்டுக்குச் சொல்லி அனுப்பினார்களாக்கும்! அவரவர் வாசலில் கண்ணில் பட்டதை அவரவர் எழுதியிருக்கிறார்கள். கட்டம் காலியாக இருக்கக் கூடாதே. உண்மையில் எதுவோ ஒன்று தரைக்கு அடியில் நாளுக்கு ஒரு நிலையமாக நடந்து போயிருக்கிறது. பதினாலு மாதம் முந்திய தாள்களைப் பரப்பினாள். அதே நடை. அதற்கும் முந்தியது. அதே நடை, வடக்கிலிருந்து தெற்காக.

இயக்குநரை நடைபாதைக்கே அழைத்து வந்தாள். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடிப்பது போலக் கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாள்களுக்கு நடுவே நடந்தார். ஒவ்வொரு தேதியையும் குனிந்து பார்த்தார்.

"மெது நடுக்கம்னு வேற இடங்கள்ல கண்டிருக்காங்க, படிச்சிருக்கேன்" என்றார். "சாதாரண நடுக்கம் அரை நிமிஷத்துல செய்யுற வேலையை வாரக்கணக்கா செய்யும். முப்பது நாப்பது கிலோமீட்டர் ஆழத்துல ரெண்டு பாறைத்தட்டு சத்தமில்லாம வழுக்கும். ஆனா நம்ம பக்கம் யாரும் பார்த்ததில்லையேம்மா."

"பார்த்தோம் சார். பார்த்துட்டு முத்திரை குத்தினோம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு தடவை தற்செயலாவும் அமையும். விசாரணைக்கு வர்றவங்க கேப்பாங்க. உங்க அண்ணனுக்காக நீங்க கோடு சேர்க்கறீங்கன்னும் சொல்லுவாங்க."

"பதினாலு மாசத்துக்கு ஒரு தடவை வருது சார். கடைசியா வந்து பதினாலு மாசம் ஆகப்போகுது. அடுத்தது விசாரணைக்கு முன்னாடியே வரணும். மேட்டுல தொடங்கி சுரங்கத்துக்குப் போகும். இப்பவே எழுதி உங்க கையில குடுத்திடறேன்."

"வரலேன்னா?"

"வரலேன்னா கோப்புல என் பேரையும் சேர்த்துக்குங்க. திருப்பி அனுப்பினது நான்தானே."

எழுதிக் கொடுத்தாள். அன்று மாலையே ஐந்து நிலையங்களுக்கும் தொலைபேசியில் சொன்னாள்: "காரணம் கட்டத்தைக் காலியா விடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்." சுரங்கத்துக் காவலர் கேட்டார், "மாட்டைக்கூட எழுத வேண்டாமா அக்கா?" "மாட்டை வீட்டுக்கு அனுப்பிடுங்க அண்ணே. அது ரொம்பச் சொறிஞ்சிடுச்சு."

அப்புறம் காத்திருப்பு. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். மேட்டின் கோடு தலைமயிர் மாதிரி மெல்லிசாகவே போனது. தினமும் காலையில் தொலைபேசியில் கேட்பாள். தினமும் அதே பதில். அவள் சும்மா இருக்கவில்லை. அலுவலக நூலகத்தில் இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். புரியாத வரியை ஐந்து முறை படித்தாள். ஆழத்தில் புதையும் தட்டு தன் பாறைக்குள் கட்டுண்டிருக்கும் தண்ணீரைச் சூட்டில் கக்குகிறது என்று ஒரு புத்தகம் சொன்னது. அந்தத் தண்ணீருக்கு வெளியே போக வழியில்லை. இரண்டு பாறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, மேலே இருக்கும் பாரத்துக்கே முட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் அவை அவ்வளவு லேசாக வழுக்குகின்றன என்றது. தண்ணீர் எப்படிப் பாறையைத் தூக்கும்? அவளுக்கு மனசு ஒப்பவில்லை.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது மறுபடி அணைக்கரைக்குப் போனாள். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வெந்நீரில் அலசிய கண்ணாடி டம்ளரை ஈரமான கல்மேடையில் கவிழ்த்து வைத்தாள். அது தானாக மெல்ல நகர்ந்து மேடையின் ஓரத்துக்குப் போனது. அண்ணி திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டிப் பிடித்தாள்.

"அண்ணி! அது ஏன் நகருது?"

"இத்தனை வருஷமா பாத்திரம் கழுவற, பார்த்ததில்லையா? உள்ள மாட்டின காத்து சூட்டுல உப்பி டம்ளரைத் தூக்குது. விளிம்பு முழுசா கல்லுல உக்காரல. ஆறிட்டா நின்னுடும். நீ படிச்சவ, என்னைக் கேக்கற!"

அவள் அந்த டம்ளரை ஆறு முறை கவிழ்த்துப் பார்த்தாள். உள்ளே அடைபட்டது கனத்தைத் தாங்கிக்கொள்ள, டம்ளர் வழுக்குகிறது. அண்ணன் எட்டிப் பார்த்து, "உன் நாத்தனாருக்கு முத்திப்போச்சு" என்றார். "என் வீட்டு டம்ளரை உடைக்காத வரைக்கும் முத்தட்டும்" என்றாள் அண்ணி.

அப்போது தொலைபேசி அடித்தது. சுரங்கத்துக் காவலர். "அக்கா, இங்க கோடு தடிக்குது. மாடு பக்கத்துலயே இல்ல, சத்தியமா."

வந்துவிட்டது. ஆனால் தெற்கிலிருந்து வருகிறது. அவள் எழுதிக் கொடுத்ததோ வடக்கு.

"இப்ப என்ன பண்ணப்போற?" என்றார் அண்ணன் மெல்ல.

"நான் சொன்னது தப்புன்னு சொல்லப்போறேன். அப்புறம் அது எங்க போகுதுன்னு பார்க்கப்போறேன். நீ இன்னியிலிருந்து கால்மணிக்கொரு தடவை கோட்டோட தடிமனை எழுதிவை. எல்லாரையும் எழுதச் சொல்றேன்."

அன்றே இயக்குநரிடம் எழுதிக் கொடுத்தாள்: தொடங்கிய இடம் நான் சொன்னதல்ல, தப்பு என்னுடையது, ஆனால் நடக்கிறது.

விசாரணையன்று காலை தலைமையகத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பொறியாளர் அம்மாள், குட்டையாக, கணீரென்ற குரல். இன்னொருவர் குறிப்பெடுக்கிறவர். அவர்களோடு இயக்குநர். குழியைத் திறந்து காட்டினார் அண்ணன். அம்மாள் தானே இறங்கி, உப்பு மூட்டையில் கைவிட்டு, உதிர்ந்த கல்லைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார்.

அறையில் உருளை சுற்றிக்கொண்டிருந்தது. கோடு மெல்லிசு.

"தெற்கிலிருந்து நடக்குதுன்னா இன்னிக்கு இங்க இருக்கணுமே?" என்றார் அம்மாள்.

"நேத்து விடியக்காலைல பள்ளிக்கூடத்துல தொடங்குச்சு மேடம். அங்கேருந்து இங்க வர ஒன்றரை நாள் ஆகும். சாயங்காலத்துக்குள்ள வரும்."

"நீங்க வடக்குன்னு எழுதிக் குடுத்தீங்க."

"ஆமா. மூணு தடவை பார்த்ததை வெச்சு நாலாவதையும் அப்படியேன்னு நினைச்சேன். அது என் அவசரம். எங்க அண்ணனோட குத்தம் இல்ல."

"இப்ப நான் எதை நம்பறது?"

அப்போது, சமையலறைக் கதவில் சாய்ந்து நின்ற அண்ணி, எல்லா நிலையங்களும் தொலைபேசியில் சொன்னதை அண்ணன் குறித்து வைத்திருந்த நோட்டை எட்டிப் பார்த்தாள். அவள் கடலில் படகு ஓட்டுகிறவர் வீட்டுப் பெண். "ஏங்க, இது என்ன, கடல் வத்தற நேரம் மாதிரி இருக்கு?" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணிக்குக் கூச்சமாகிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"இல்ல, பாருங்க. சுரங்கத்துல முந்தாநாள் விடியக்காலைல ஒண்ணே முக்காலுக்கு ரொம்பத் தடிச்சிருக்கு, அப்புறம் மதியம் ரெண்டுக்குக் கிட்ட. பள்ளிக்கூடத்துல நேத்து விடியக்காலைல ரெண்டரைக்கு, அப்புறம் மதியம் மூணு. நாளுக்கு முக்கால் மணி முக்கால் மணியா தள்ளிப்போகுது. எங்கப்பா படகை எடுக்கறதே இந்தக் கணக்குலதான்."

தங்கை எட்டி நோட்டைப் பிடுங்கினாள். "மேடம், ரயில் தினமும் முக்கால் மணி தள்ளி வருமா? பம்பு? காத்து? கசிவு? அது எதுக்கும் கடலோட கணக்கு தெரியாது. கடல் வத்தும்போது தரை மேல இருக்கிற பாரம் துளியூண்டு குறையும். அந்தத் துளிக்கே அடியில இருக்கிற பாறை அசையுதுன்னா, அது முழுக் கனத்தோட உக்காரவே இல்ல. நடுவுல தண்ணி மாட்டிக்கிட்டுத் தாங்குது. அண்ணி, வெந்நீர் இருக்கா?"

அண்ணி டம்ளரை அலசிக் கொண்டுவந்தாள். ஈரமான மேஜையில் கவிழ்த்தாள். டம்ளர் பொறியாளர் அம்மாளை நோக்கி மெல்ல நகர்ந்து போனது. அவர் ஒரு விரலால் அதைத் தொட்டார். சும்மா தொட்டதற்கே திசை மாறி ஓடியது.

"இன்னிக்குக் கடல் எத்தனை மணிக்கும்மா வத்தும்?" என்று அண்ணியைக் கேட்டார் அம்மாள்.

அண்ணி விரல் விட்டு எண்ணினாள். "மூணரை, மூணே முக்கால்."

"உக்காருவோம்" என்றார் அம்மாள்.

எல்லோரும் உருளையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூன்று மணி. கோடு மயிரிழை. மூன்றேகால். குறிப்பெடுக்கிறவர் கொட்டாவி விட்டார். இயக்குநர் நகத்தைக் கடித்தார். அவர் நகம் கடிப்பதை அவள் பதினொரு வருஷத்தில் அன்றுதான் பார்த்தாள். அண்ணன் மட்டும் கைகட்டி, எதுவும் தன்னைப் பற்றியது இல்லை என்பது போல நின்றார். மூன்றரைக்கு மேல் பேனா முள் லேசாகத் தயங்கியது. மயிரிழை நூலானது. நூல் மொசுமொசுக்க ஆரம்பித்தது. அறையில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட அசையவில்லை. நாற்பது கிலோமீட்டர் கீழே, நம்மையெல்லாம் சுமக்கிற பாறை புரண்டு படுத்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு நடுக் கண்ணே இந்த நிலையம்தான்" என்றார் அம்மாள் கடைசியில், இயக்குநரைப் பார்த்து. "ஆழத்துல வழுக்கினா மேல இருக்கிற இறுகின பகுதிக்குப் பாரம் கூடும். அதைக் கவனிக்க வேண்டாமா? இதையா மூடச் சொன்னீங்க?"

"தப்புதான்" என்றார் இயக்குநர். அந்த ஒரு சொல்லுக்காக அவள் அவரை ஆயுளுக்கும் மதித்தாள்.

அம்மாள் கோப்பிலிருந்த நீக்க உத்தரவை எடுத்து, குறுக்கே கோடு போட்டு, கையெழுத்திட்டார். "காவலர் தொடர்ந்து இங்கேயே இருப்பார். வடக்கே ஒண்ணு, தெற்கே ஒண்ணு, இன்னும் ரெண்டு நிலையம் வேணும்னு நான் எழுதறேன். பதிவுகளை இனி நாள்வாரியா யார் சேர்க்கறது?"

"நான்" என்றாள் அவள்.

அம்மாள் எழுந்து அண்ணனிடம் கையை நீட்டினார். "நீங்க ஏதாவது சொல்லணுமா?"

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க மேடம், கொஞ்சம் நகர்ந்து நில்லுங்க. மணி நாலு. தாள் மாத்தணும்."

பேனாவைத் தூக்கினார். தடித்த கோடுள்ள தாளைச் சுளுவாகக் கழற்றித் தங்கையிடம் நீட்டினார். புதுத் தாளைச் சுற்றி, ஓரத்தை ஒட்டி, பேனாவை இறக்கினார். நேரம் தவறாமல் கோடு தொடர்ந்தது.

அவ்வளவுதான் கண்ணுகளா. நேரமாகிவிட்டது, எழுந்து பத்திரமாகப் போங்கள். உங்கள் வீட்டில் உழைக்கிறவர்களின் பேர் கெடாமல் இருக்கட்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல உங்கள் வீட்டில் யாருக்கும் பயம் வராதிருக்கட்டும். உங்கள் கடைக்கால் உறுதியாக நிற்கட்டும். அசைந்தே ஆக வேண்டுமென்றால், தூங்குகிற குழந்தை புரளாத அளவுக்கு மெல்ல அசையட்டும்.